வித்துட்டீங்கன்னா போதும் சார்

அக்கா மோதியது ஒரு தூணில். அதுவும் சைக்கிள் போகிற வேகத்தில். எங்கள் அலுவலகக் கட்டடத்தின் கீழ்த்தள பார்க்கிங்கில், பதினேழு என்று மஞ்சள் பெயிண்டில் எழுதியிருக்கும் தூண். தினமும் சாயங்காலம் ஐந்தரைக்கு என்னை அழைத்துப் போக வருகிறவள், அன்றைக்கு வண்டியை ஒடித்து நிறுத்தும்போது பிரேக்குக்குப் பதிலாக ஆக்ஸிலேட்டரை மிதித்துவிட்டாள். முன் பம்பர் நசுங்கி, ஒரு பக்க விளக்கு தொங்கியது. ஒர்க்‌ஷாப்பில் விட்டால் இரண்டு நாளில் சரி பண்ணித் தந்துவிடுவார்கள்.

நான் லிஃப்டில் இறங்கிக்கொண்டிருந்தேன். சத்தம் கேட்டது. பட்டாசுக் கட்டு மொத்தமாக வெடித்த மாதிரி ஒரே ஒரு சத்தம். கதவு திறந்ததும் எங்கள் வண்டியின் பின்பக்கத்தைப் பார்த்தேன், எனக்குச் சிரிப்புகூட வந்தது. "லைசென்ஸ் குடுத்தவனைக் கூப்பிடு, ரெண்டு வார்த்தை கேக்கணும்" என்று சொல்ல வாயைத் திறந்துகொண்டேதான் போனேன்.

ஸ்டீயரிங்கிலிருந்து வெள்ளைப் பை கிழிந்து தொங்கியது. அதில் பாதி வெள்ளையாக இல்லை. அக்கா சீட் பெல்ட் போட்டபடி நேராக உட்கார்ந்திருந்தாள். ஒரு கையால் கழுத்தைப் பிடித்திருந்தாள். கண் நன்றாகத் திறந்திருந்தது, என்னைத்தான் பார்த்தது. உதடு அசைந்தது. சத்தம் வரவில்லை.

அதற்கப்புறம் யார் ஆம்புலன்ஸைக் கூப்பிட்டார்கள், நான் எந்தப் பக்கம் ஏறினேன் என்று கேட்டால் எனக்குச் சொல்லத் தெரியாது. அவள் கழுத்தில் என் துப்பட்டாவை அழுத்திப் பிடித்திருந்தேன் என்பது மட்டும் தெரியும், ஏனென்றால் ஆஸ்பத்திரியில் என் விரல்களைப் பிரித்துத்தான் அதை எடுத்தார்கள்.

மூன்று மணி நேரம் கழித்து டாக்டர் வெளியே வந்தார். உயிருக்கு ஆபத்தில்லை என்றார். குரல்வளையில் அடிபட்டிருக்கிறது, பேச்சு வருமா என்பது மூன்று வாரம் போனால்தான் தெரியும் என்றார். பிறகு ஒரு சின்ன ஸ்டீல் தட்டை அத்தானிடம் நீட்டினார்.

"இது கழுத்துக்குள்ள இருந்துச்சு. கார்ல எந்தப் பாகம்னு எனக்குப் புரியல. தூண்லதானே மோதினாங்க?"

அத்தான் அக்காவின் கணவர். மருந்துக் கம்பெனிக்கு ஊர் ஊராகப் போகிறவர். அவர் தட்டை வாங்கி வெளிச்சத்தில் திருப்பிப் பார்த்தார். விரல் நகத்தைவிடக் கொஞ்சம் பெரிய இரும்புத் துண்டு. ஒரு ஓரம் சுருண்டிருந்தது.

எனக்குப் புரிந்தது. அந்த மாதிரித் துண்டின் போட்டோவை நான் ஒரு வருஷத்துக்கு முன்பே பார்த்திருக்கிறேன். எங்கள் வேலைக்குப் பயிற்சி கொடுத்த முதல் நாள், ஏசி ரூமில், பிஸ்கட் தின்றுகொண்டே பார்த்தேன்.

என் வேலை ரீகால் வேலை. ஒரு கார் கம்பெனி, தான் விற்ற வண்டியில் கோளாறு இருக்கிறது என்று தெரிந்தால், வண்டிக்காரர்களைத் திரும்பக் கூப்பிட்டுக் காசு வாங்காமல் மாற்றித் தர வேண்டும். கூப்பிடுகிற வேலையை எங்களிடம் கொடுத்திருந்தார்கள். கோளாறு ஏர்பேக்கில். ஸ்டீயரிங்குக்குள் ஒரு இரும்பு டப்பா, அதற்குள் வெடிமருந்து. மோதினால் மருந்து வெடித்துப் பை உப்ப வேண்டும். பழைய வண்டிகளில் ஈரம் இறங்கி மருந்து கெட்டுப்போய், பையோடு சேர்ந்து டப்பாவே வெடித்தது. ஆளைக் காப்பாற்ற வைத்த சாமான் ஆள் மேலேயே பாய்கிறது.

இதைப் பட்டியலில் இருக்கிறவர்களுக்குப் போன் போட்டு, பயப்படுத்தாமல் சொல்ல வேண்டும். ஒருவர், "காத்துப் பையா? நான் பெட்ரோல் பங்க்லயே காத்து அடிச்சுக்கறேன்மா" என்று வைத்துவிட்டார். இன்னொரு அம்மா, "இலவசம்னா உள்ள என்னமோ இருக்கு" என்று அரை மணி நேரம் என்னைத் துருவினாள். பதில் எதுவானாலும் கடைசியில் மூன்றில் ஒன்றைத் தட்ட வேண்டும்: மாற்றியாச்சு, வருகிறார், விற்றாச்சு. வருகிறார் என்றால் கட்டம் மஞ்சள், மறுபடி கூப்பிட வேண்டும். மற்ற இரண்டுக்கும் பச்சை. பச்சை வந்தால் அந்த வண்டி முடிந்தது. விற்ற வண்டி யார் கையில் இருக்கிறது என்று தேடுவது எங்கள் வேலை இல்லை, அதற்கு வேறு பிரிவு இருக்கிறது என்று மேலே சொன்னார்கள். அந்தப் பிரிவை யாரும் கண்ணால் பார்த்ததில்லை. எங்கள் சூப்பர்வைசருக்குத் தெரிந்த மந்திரம் ஒன்றுதான்: "பச்சை பண்ணு, நகரு." நான் நகர்ந்துகொண்டே இருந்தேன். ஒரு நாளைக்கு அதிகப் பச்சை என்னுடையதுதான். ஆபீஸில் எனக்குப் பட்டப்பெயரே பச்சையம்மா. அதில் எனக்குப் பெருமை வேறு.

அக்காவின் வண்டியும் அதே மாடல்தான். நான் ஒன்றும் கவலைப்படாமல் இருந்துவிடவில்லை. வேலையில் சேர்ந்து இரண்டு மாதம் ஆனபோது எனக்கே திடீரென்று உறைத்தது. அக்கா அதை இரண்டு வருஷத்துக்கு முன் ஒரு ரிட்டயர் ஆனவரிடம் வாங்கியிருந்தாள். பேர் மாற்றுகிற வேலையை அத்தான் அடுத்த மாசம், அடுத்த மாசம் என்று தள்ளிக்கொண்டே வந்தார், இன்றுவரை அந்த அடுத்த மாசம் வரவில்லை. அதனால் எது வந்தாலும் பழைய ஆளுக்குத்தான் போகும். "சேஸிஸ் நம்பரைப் போட்டோ எடுத்து அனுப்பு" என்றேன். அனுப்பினாள். ஆபீஸில் அடித்துப் பார்த்தேன். பச்சை.

அன்றைக்குச் சாயங்காலம் வண்டியில் ஏறியதும் சொன்னேன். "உன் வண்டி சுத்தம். பழைய ஆளு மாத்திட்டுத்தான் குடுத்திருக்காரு."

"நல்லாப் பாத்தியா?"

"எனக்கு வேலையே அதானே."

அவள் கணக்கு டீச்சர். எல்லாவற்றையும் இரண்டு தடவை போட்டுப் பார்க்கிறவள். என்னை மட்டும் ஒரே தடவையில் நம்பிவிட்டாள்.

ஆஸ்பத்திரித் தட்டில் அந்தத் துண்டைப் பார்த்ததிலிருந்து ஒரே கேள்விதான் மண்டையைக் குடைந்தது. மாற்றின வண்டியில் இது எப்படி வரும்? மறுநாள் காலையில் ஆபீஸ் திறந்ததும் போய் உட்கார்ந்தேன். நம்பரை அடித்தேன். அதே பச்சை. அந்தப் பச்சை மேல் ஒரு தட்டு தட்டினால் காரணம் தெரியும். பத்து மாதத்துக்கு முன் நான் அதைத் தட்டவில்லை. பச்சையைக் கண்டால் நகர்ந்து பழகிய கை.

தட்டினேன்.

காரணம்: விற்றாச்சு. முடித்தவர்: 31. நேரம்: மாலை 5.26.

31 நான்தான்.

பக்கத்து சீட்டுக்காரி, "ஏய், பேயறைஞ்ச மாதிரி உக்காந்திருக்க, அக்காவுக்கு ஒண்ணுமில்லையே?" என்றாள். நான் ஹெட்ஃபோனை மாட்டினேன். நாங்கள் பேசுவதெல்லாம் பதிவாகும். தேதியைப் போட்டு எடுத்தேன்.

என் குரல் வந்தது. கடகடவென்று, தேன் தடவின மாதிரி.

"வணக்கம் சார், உங்க வண்டியோட ஏர்பேக் விஷயமா கூப்பிடறேன்..."

"அந்த வண்டிய நான் குடுத்துட்டேனேம்மா." ஒரு பெரியவரின் குரல், நிதானமான குரல். "ஒரு டீச்சரம்மா வாங்கிட்டுப் போனாங்க. பேப்பர் இன்னும் என் பேர்லதான் இருக்கு போல. அவங்க நம்பர் எங்கிட்ட இருக்கு. இரும்மா, கண்ணாடியப் போட்டுக்கறேன், சொல்றேன் எழுதிக்க."

"வேண்டாம் சார், பரவாயில்ல."

"அவங்களுக்குத் தெரியணும் இல்ல?"

"வித்துட்டீங்கன்னா போதும் சார். நாங்க பாத்துக்கறோம். நன்றி சார்."

லைன் துண்டிக்கும் முன் நாலைந்து நொடி இருக்கிறது. அதில் நான் பக்கத்து சீட்டுக்காரியிடம் பேசுவது பதிவாகியிருக்கிறது. "இதோட கடையக் கட்டறேன்டி. எங்கக்கா கீழ கார்ல வெயிட் பண்ணுவா."

ஹெட்ஃபோனைக் கழற்றினேன். மறுபடி மாட்டிக் கேட்டேன். மூன்றாவது தடவை கேட்கும்போது, அந்தப் பெரியவர் கண்ணாடி தேடி மேஜை டிராயரைத் திறக்கிற சத்தம்கூடக் கேட்டது. பத்து எண்கள். அவற்றை வாங்கி எழுதியிருந்தால் நான்காவது எண்ணிலேயே எனக்குத் தெரிந்திருக்கும், எனக்கு மனப்பாடமான நம்பர் உலகத்தில் அது ஒன்றுதான். அந்த வண்டி அப்போது எனக்கு இரண்டு மாடி கீழே நின்றுகொண்டிருந்தது. ஐந்து நிமிஷத்தில் நான் அதில் ஏறி, முன் சீட்டில் உட்கார்ந்து, ரேடியோவை மாற்றினேன். அப்புறம் தினமும் ஏறினேன்.

எனக்கு என் மேல் வந்த வெறுப்பை எழுத வார்த்தை இல்லை.

மூன்றாம் நாள் அக்காவை வார்டுக்கு மாற்றினார்கள். கழுத்தைச் சுற்றிக் கட்டு. பேசவே கூடாது. மடியில் பள்ளிக்கூட நோட்டு ஒன்று, கையில் சிவப்புப் பேனா, எழுதிக் காட்டுவாள். என்னைப் பார்த்ததும் எழுதிய முதல் வரி: "வாயாடிக்கு என்ன ஆச்சு? மூணு நாளா வாயே திறக்கலையாம்."

அவளுக்கு வராத குரல் என்னிடம் சும்மா கிடந்தது. நான் சிரித்து மழுப்பினேன்.

அத்தான் கொதித்துப்போயிருந்தார். கார் கம்பெனிக்குப் போன் போட்டிருக்கிறார். பழைய ஓனருக்கு இன்ன தேதியில் தகவல் சொல்லியாகிவிட்டது என்று தேதியோடு பதில் வந்திருக்கிறது. "சொல்லியிருக்காங்க. அந்தாளு கமுக்கமா இருந்திருக்காரு. ஒரு போன் போட்டிருந்தா இவளுக்கு இது வந்திருக்குமா? வயசானவர்னு நான் பாக்கப் போறதில்ல. கோர்ட்டுக்கு இழுக்கறேன்." போனில் அவரைக் கிழி கிழியென்று கிழித்தும் விட்டார். நான் ஜன்னல் பக்கம் நின்று கேட்டுக்கொண்டிருந்தேன். சொல் என்று நெஞ்சு அடித்துக்கொண்டது. ஜன்னல் கொக்கியை மாட்டி மாட்டிக் கழற்றிக்கொண்டிருந்தேன். அந்தப் பதிவை யாரும் எடுத்துக் கேட்கப் போவதில்லை, 31 யாரென்று யாரும் தேடப் போவதில்லை என்று எனக்குள் ஒரு பிசாசு கணக்குப் போட்டது. அதையும் மறைக்க விரும்பவில்லை.

நாலு மணிக்குப் பார்வையாளர் நேரம் தொடங்கியதும் வார்டு வாசலில் ஒருவர் வந்து நின்றார். இஸ்திரி போட்ட சட்டை, கையில் ஆரஞ்சுப் பழப் பை. அத்தான் எழுந்துவிட்டார். யார் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு வந்தீங்க?" என்றார் அத்தான்.

"திட்டுங்க தம்பி. திட்டு வாங்கத்தான் வந்தேன்னு வச்சுக்கங்க." அவர் அக்காவின் கழுத்துக் கட்டைப் பார்த்தார், பார்வையை எடுத்துக்கொண்டார். "ஆனா நான் மறைக்கல. அந்தப் பொண்ணு போன் பண்ணப்பவே உங்க வீட்டம்மா நம்பரத் தர்றேன்னு சொன்னேன். வேண்டாம்னுடுச்சு."

"கதை விடாதீங்க. எந்தக் கம்பெனிக்காரியாவது நம்பர் வேண்டாம்பாளா?"

"சத்தியமா தம்பி. நாங்க பாத்துக்கறோம்னுச்சு. கம்பெனியே இவ்ளோ சாதாரணமாச் சொல்லுதே, பெரிசா ஒண்ணும் இருக்காதுன்னு நானும் விட்டுட்டேன். என் தப்பு அது. நானே உங்களுக்கு ஒரு போன் போட்டிருக்கணும்." பழப்பையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "பொண்ணு தங்கமாப் பேசிச்சு. அந்தக் குரல் இன்னும் என் காதுல இருக்கு."

அத்தான் அடுத்து என்ன கத்துவது என்று மூச்சு வாங்கினார். அக்கா பேனாவால் நோட்டில் தட்டினாள். எழுதி, என் பக்கம் திருப்பிக் காட்டினாள்.

"பெரியவர் நிக்கிறார். உட்காரச் சொல்லு."

வீட்டுக்கு யார் வந்தாலும் வரவேற்கிற வேலை என்னுடையது. கட்டிலுக்கு அந்தப் பக்கம் நாற்காலி இருந்தது. பேசாமல் அதை இழுத்துப் போட்டு, கையைக் காட்டினால் போதும் என்று நினைத்தேன். நாற்காலியை இழுத்தேன், அவர் பக்கம் தள்ளினேன், கையும் காட்டினேன். அவர் உட்காரவில்லை. அத்தானின் முகத்தையே பார்த்துக்கொண்டு, திட்டு வாங்க நிற்கிற பிள்ளை மாதிரி நின்றார்.

"உட்காருங்க சார்" என்றேன்.

அவர் கை நாற்காலி முதுகில் அப்படியே நின்றது. மெதுவாகத் திரும்பி என்னைப் பார்த்தார். காட்டிக்கொடுக்க அவருக்கு மனசு வரவில்லை என்று நினைக்கிறேன்.

"அன்னிக்கு 'வித்துட்டீங்கன்னா போதும் சார்'னு சொன்னது நான்தான்" என்றேன். "இவரு பொய் சொல்லல அத்தான். நம்பர் தர்றேன்னாரு. நான்தான் வேண்டாம்னேன். எங்க லிஸ்டுல பச்சை போட்டதும் நான்தான். அப்புறம் நான் போட்ட பச்சையையே பாத்துட்டு வண்டி சுத்தம்னு அக்காகிட்ட சொன்னேன்."

அத்தான் என்னைப் பார்த்தார், அவரைப் பார்த்தார். நான் ஏதோ வேறு பாஷையில் பேசினது போல விழித்தார். பெரியவர் பழப்பையை நாற்காலி மேல் வைத்துவிட்டுத் தலை குனிந்துகொண்டார்.

நான் அக்காவைப் பார்த்தேன். காருக்குள் பார்த்த அதே பார்வை. உதடு அசைந்தது, கை தானாகக் கழுத்துக்குப் போனது. பிறகு பேனாவை எடுத்தாள். நிறுத்தி நிறுத்தி எழுதினாள். எழுதிவிட்டு நோட்டை யார் பக்கமும் திருப்பாமல் மடியிலேயே வைத்திருந்தாள்.

"என்ன எழுதியிருக்கா?" என்றார் அத்தான். "நீயே படி."

குனிந்து பார்த்தேன். சிவப்பு மையில், பிள்ளைகள் நோட்டில் எழுதுகிற அதே குண்டு எழுத்தில் இருந்தது. எல்லோருக்கும் கேட்கிற மாதிரி படித்தேன்.

"நல்லாப் பாத்தியான்னு கேட்டேனே."