சுடாமல் உரிந்த தோல்

வெந்துபோன தோல் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டாம். துணி வெளுக்கும் ஆலையில் பாய்லர் பார்த்தவன் நான். நர்ஸ் போர்வையை விலக்கியபோது என் மனைவியின் முதுகுத் தோல் ஈரக் காகிதம் போல அதோடு ஒட்டிக்கொண்டு வந்தது. நர்ஸின் கையைப் பிடித்துவிட்டேன்.

"வெந்நீர ஊத்திட்டியா? காய்ச்சலும் தடிப்பும்னுதான இங்க சேத்தோம்?"

"கைய விடுங்க ஐயா. நான் தண்ணியே தொடல."

"பொய் சொல்லாத. இது வெந்த தோல்."

சத்தம் கேட்டு டாக்டரம்மா ஓடி வந்தார். மனைவியின் உதடெல்லாம் கொப்புளம். தோள் ஓரத்தை விரலால் லேசாகத் தள்ளினார். தோல் நகர்ந்தது.

"யாரும் சுடல. ஏதோ மருந்து இவங்களுக்கு ஒத்துக்கல. உடம்பு அத எதிரின்னு நெனச்சு அபாயச் செய்தி அனுப்புது. அது வந்து சேர்ந்ததும், தோல் செல்லுக்குள்ள சும்மா கெடந்த சில மரபணுங்க முழிச்சுக்குது. அதுல இருக்கிறது சாகிறதுக்கான குறிப்பு. அதும்படி செல்லு தன்னத்தானே அழிச்சுக்குது."

"சாகச் சொல்லி உள்ளயே எழுதி வச்சிருக்கா? எவன் எழுதினான்?"

"எல்லாருக்கும் இருக்குய்யா. உங்களுக்கும்தான். கெட்டுப்போன செல்ல ஒழிக்க அது வேணும். இங்க நல்லதுக்கும் அதே உத்தரவு போயிடுச்சு."

என் புறங்கையைப் பார்த்தேன். இத்தனை காலமும் ஒரு கொலைகாரனைக் கூடவே வைத்துச் சோறு போட்டு வளர்த்திருக்கிறேன்.

"எந்த மருந்துன்னு கண்டுபிடிச்சு நிறுத்தலன்னா உயிருக்கே ஆபத்து. வெளி மாத்திர ஏதாவது?"

"ஒன்னும் கெடையாது. உங்க மாத்திரையாத்தான் இருக்கும்," என்றேன்.

மனைவி கண்ணைத் திறக்க முடியாமலே தலையணையைக் காட்டினாள். அடியில், கால் வீக்கத்துக்கு எங்கள் தெருமுனை மருந்துக்கடைக்காரன் போன மாதம் கொடுத்த மாத்திரை அட்டை. பாதி காலி. பக்கத்தில் ஆஸ்பத்திரி மாத்திரைகள், ஒன்றுகூடத் தின்னாமல் பொட்டலமாக.

"அடிப்பாவி, இங்கயும் இதையேவா முழுங்கின?"

"நீங்கதான சொன்னீங்க... இவங்க குடுக்கிறத நம்பாத, நம்ம கடைக்காரன் மாத்திரையே போதும்னு."

சொன்னேன். சேர்த்த அன்றைக்குக் காதோடு சொன்னேன். கல்யாணமான நாளிலிருந்து என் பேச்சு ஒன்றைக்கூடக் கேட்காதவள், இதைப் போய்க் கேட்டிருக்கிறாள்.

டாக்டரம்மா அட்டையைப் பிடுங்கிப் பெயரைப் படித்தார். "இதாத்தான் இருக்கும். தீக்காய வார்டுக்கு மாத்துங்க, உடனே."

"பொழச்சுக்குவாளா?"

"இனிமே இது உள்ள போகாது. போன செய்தி அடங்கணும். இப்ப அவ்வளவுதான் சொல்ல முடியும்."

அவளைத் தூக்க ஆட்கள் வந்தார்கள். கையை நீட்டினேன், இழுத்துக்கொண்டேன். எதைத் தொட்டாலும் கையோடு வந்துவிடுமோ? நான் திட்டிய அந்த நர்ஸைத்தான் கேட்க வேண்டியிருந்தது.

"எங்க தொடலாம்மா?"

"தலையில வைங்க ஐயா. முடி இருக்கிற எடத்த இது பெரும்பாலும் விட்டுடும்."

வைத்தேன்.

"கனமா இருக்கு," என்றாள் மனைவி. எடுக்கச் சொல்லவில்லை.