புருஷந்தின்னி

எங்கள் ரேடியோ தொலைநோக்கி நிலையத்தில் அந்த நட்சத்திர ஜாதிக்கு வைத்திருக்கும் செல்லப்பெயர் புருஷந்தின்னி. செத்துப்போன நட்சத்திரம், ஒரு நகரத்தின் அகலம்தான் இருக்கும், நொடிக்கு நூற்றுக்கணக்கான தடவை சுழன்று ரேடியோ துடிப்புகளை வீசும். பல்சர் என்போம். அதை ஒட்டியே ஒரு சின்ன நட்சத்திரம் சுற்றிவரும். பல்சரின் சூட்டில் அது கொஞ்சம் கொஞ்சமாக ஆவியாகும். அந்த ஆவி குறுக்கே வரும்போதெல்லாம் துடிப்பு மறைந்துபோகும், அதுதான் கிரகணம். கிரகணம் நீண்டுகொண்டே போனால், துணை கரைந்துகொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

நான் புதிதாக ஒன்றைக் கண்டுபிடித்தேன். கிரகணமும் வாரத்துக்கு வாரம் நீண்டது. எனக்குத் தலைகால் புரியவில்லை. ரிசீவர் இன்ஜினியர் என் வீட்டுக்காரர்தான். அவரும் சந்தோஷப்பட்டார், பெல்ட்டில் இன்னொரு ஓட்டை போட்டுக்கொண்டே. சில மாதங்களாக ஆள் இளைத்துக்கொண்டே வந்தார். டாக்டர்கள் எல்லா டெஸ்டும் எடுத்துவிட்டுக் கையை விரித்தார்கள். அவரை இழந்துவிடுவேனோ என்று எனக்கு உள்ளூரப் பயம்.

அறிவிக்கும் முன் டிஷ்ஷை வேறு பக்கம் திருப்பிப் பார்ப்பது எங்கள் வழக்கம். நிஜ நட்சத்திரம் என்றால் துடிப்பு போய்விட வேண்டும். போகவில்லை.

"கட்டடத்துக்குள்ளயே ஏதோ கத்துது," என்றார் அவர். "உன் ஹீட்டரா இருக்கும்."

"ஆமா, எது கெட்டாலும் என் தலையிலதான் விடியும்."

கையடக்க ஆன்டெனாவைத் தூக்கிக்கொண்டு அறை அறையாகத் தேடினோம். ஃப்ரிட்ஜ் இல்லை, டியூப்லைட் இல்லை, லிஃப்ட் இல்லை. கடைசியில் ஆன்டெனாவை என் பக்கம் திருப்பினார். மீட்டர் முள் எகிறிப்போய் ஓரத்தில் ஒட்டிக்கொண்டது.

"செல்லை உள்ள கொண்டுவந்துட்டியா?"

"வாசல்லயே குடுத்துட்டேனே!"

வாட்ச், தோடு, ஹேர்பின் எல்லாவற்றையும் கழற்றி வெளியே வைத்தேன். முள் அசையவில்லை.

"நீ கத்துறது மெஷினுக்கே கேக்குது போல," என்று சிரித்தபடி ஆன்டெனாவை மேசையில் வைத்துவிட்டுத் தண்ணீர் எடுக்கப் போனார். எனக்கும் ஆன்டெனாவுக்கும் நடுவே அவர் வந்ததும் முள் சரிந்தது. அவர் தாண்டிப்போய் டம்ளரை நிரப்பிக்கொண்டிருந்தார்; முள் இன்னும் எழவில்லை. அவர் நடந்த இடத்தில் அவரில் கொஞ்சம் ஆவியாகத் தங்கியிருந்தது.

அன்றைக்கே பெட்டி கட்டினேன்.

"கோபமா?"

"கோபம்னே வச்சுக்கோங்க. கொஞ்ச நாள் அக்கா வீட்ல இருக்கேன்."

பெட்டியை வாங்க வந்தவரைப் பக்கத்தில் விடவில்லை. தெருவில் இறங்கியதும் அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

ஒரு மாதம் போயிருக்கும். போன் செய்தார். "அந்த சிக்னல் போயே போச்சு. நானும் குண்டாயிட்டேன், சட்டை பட்டன் போட முடியல. போதும், வந்துடேன்."

"வேணாங்க," என்று வைத்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு அழுதேன். பிழைத்துவிட்டார். எனக்கு அது போதும்.

அக்கா உள்ளே வந்தாள். வருஷக்கணக்கில் நடையாய் நடந்தும், பட்டினி கிடந்தும் ஒரு கிலோகூடக் குறையாமல் கடுப்பில் இருந்தவள். கல்லூரிக் காலத்து ஜீன்ஸை மாட்டியிருந்தாள். இடுப்புக்குள் கையை விட்டு, எவ்வளவு தொளதொளக்கிறது என்று காட்டினாள்.

"பாருடி! வாக்கிங்கும் போகல, சாப்பாட்டையும் குறைக்கல. எல்லாம் நீ வந்த ராசி," என்று என்னை இறுகக் கட்டிக்கொண்டாள். "இன்னும் ஒரு மாசம் இருந்துட்டுத்தான் போகணும், சொல்லிட்டேன்."