வேதியியல் வகுப்பில் ஒரு நாற்காலி

டெலியா பெட்டன்கோர்ட் டாக்டராகப் போகிறாள் என்ற செய்தி அவளுக்கு முன்பாகவே மருத்துவமனை முழுக்கப் பரவிவிட்டது. அங்கே ரத்தம் எடுக்கும் அறையில் அவளுக்கு வேலை. கையில் பட்டை கட்டி, நரம்பைத் தட்டிப் பார்ப்பதற்குள் நாற்காலியில் இருப்பவர் ஆரம்பித்துவிடுவார்.

"கெமிஸ்ட்ரி எங்க படிக்கப் போற?"

அந்த நாட்டில் ஏதாவது ஒரு பட்டம் வாங்கிய பிறகுதான் மருத்துவப் பள்ளி; அதற்கு விண்ணப்பிக்கும் முன் வேதியியல், இயற்பியல், உயிரியல் எல்லாவற்றையும் ஆய்வகத்தோடு படித்து முடித்திருக்க வேண்டும். டெலியா பட்டம் வாங்கியிருந்தது வரலாற்றில். எதைப் படிப்பது என்பதில் யாருக்கும் சந்தேகம் இல்லை. எங்கே படிப்பது என்பதில்தான் ஊர் மூன்று கட்சியாகப் பிரிந்தது.

பல்கலைக்கழகம்தான் மரியாதை என்றது ஒரு கட்சி. அது பாதாம் தோப்புகளைத் தாண்டி ஒன்றரை மணி நேரப் பயணம். வகுப்பெல்லாம் பகலில். பகலில் படித்தால் வீட்டுக் கடனை யார் கட்டுவது என்று அந்தக் கட்சி சொல்லவில்லை. வீட்டிலிருந்தே கணினியில் படி என்றது இரண்டாவது கட்சி. அவள் கணவன் ஆர்லின் அதன் தலைவன். அடுப்படியில் செய்த சோதனையைப் பல மருத்துவப் பள்ளிகள் கணக்கில் எடுப்பதில்லை என்று அவனிடம் எத்தனையோ முறை சொல்லியாயிற்று.

மிச்சம் இருந்தது ஊர்க் கோடியில், யார் வேண்டுமானாலும் குறைந்த கட்டணத்தில் சேரக்கூடிய சமுதாயக் கல்லூரி. மாலை வகுப்பு. வீட்டிலிருந்து பத்து நிமிடம்.

"அங்க கெமிஸ்ட்ரி படிச்சவங்க என்னைத் தொடவே கூடாது" என்றார் ஓய்வுபெற்ற அறுவை மருத்துவர் ஒருவர், சட்டைக் கையைச் சுருட்டியபடி. "மெடிக்கல் ஸ்கூல்ல பார்த்த உடனே தூக்கிப் போட்டுடுவாங்கம்மா. ஆமா, ரத்தம் எடுக்க நீ எங்க கத்துக்கிட்ட?"

"அங்கதான் சார்."

அவர் அவசரமாகக் கையைப் பார்த்தார். "இன்னும் குத்தலையே?"

"எடுத்தாச்சு சார். பஞ்சை அமுக்கிப் பிடிச்சுக்கோங்க."

டெலியா சமுதாயக் கல்லூரியை முடிவு செய்தாள். முடிவு செய்த அன்றே வகுப்பு நிறைந்துவிட்டது. மறுபடி வந்து சேர்பவர்களுக்குக் கடைசியில்தான் பதிவு.

நிறைந்துவிட்டால் அந்தப் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. முதல் நாள் போய்ச் சுவரோரம் நிற்க வேண்டும். பெயர் பதிந்த யாராவது வராமல் போனால், அந்த இடத்தை நிற்பவர்களுக்குள் குலுக்கிப் போடுவார்கள். இந்த வகுப்பு வருடத்துக்கு ஒருமுறைதான் தொடங்கும். இதை விட்டால் பின்னால் வரும் பாடமெல்லாம் ஒரு வருடம் தள்ளிப்போகும். டெலியாவுக்கு முப்பத்தாறு வயது முடிந்திருந்தது. இன்னொரு வருடத்தை எங்கிருந்து எடுப்பது என்று அவளுக்குத் தெரியவில்லை.

முதல் வகுப்பு நாள் மாலை, மகள் ஜோசெட்டைப் பார்த்துக்கொள்ளும் பக்கத்து வீட்டுப் பெண் தேவாலய விழாவுக்கு சூப் கிளறப் போயிருந்தாள். ஆர்லின் பால் லாரியோடு பாலாடைக்கட்டி ஆலை வாசலிலிருந்து போனில் பேசினான்.

"வரிசைல நிக்கிறேன் டெலியா. முன்னாடி எட்டு வண்டி நிக்குது."

"நானும் வரிசைலதான் போய் நிக்கணும். ஜோசெட்டை என்ன பண்றது?"

"கூட்டிட்டுப் போ. ஓரமா நிப்பா. இறக்கிட்டு நேரா அங்க வந்துடறேன்."

பேராசிரியர் ஹகோப்பியன் மணி அடித்ததும் கதவைச் சாத்தினார். ஒரே ஒரு நாற்காலி காலியாக இருந்தது. சுவரோரம் ஒரு கூட்டம். டெலியாவுக்குப் பக்கத்தில் முடிதிருத்துபவர் ஒருவர், அவருக்கு அடுத்து கால்பந்துக் குழுப் பையன் ஒருவன். பேராசிரியர் ஒரு தாளைக் கிழித்து, நின்ற ஒவ்வொருவருக்கும் ஒரு துண்டு கொடுத்தார். ஜோசெட்டுக்கும் கொடுத்தார். குழந்தைக்கு விளையாட்டுக் காட்டுகிறார் என்று டெலியா நினைத்தாள். ஜோசெட் நாக்கைக் கடித்துக்கொண்டு தன் பெயரை எழுதினாள். எழுதப் படித்தே ஒரு மாதம்தான் ஆகியிருந்தது.

பேராசிரியர் துண்டுகளைக் கண்ணாடிக் குடுவையில் போட்டுக் குலுக்கி, முகத்தைத் திருப்பிக்கொண்டு, ஒரு துண்டை எடுத்தார்.

"ஜோசெட்."

"சார், நான் டெலியா பெட்டன்கோர்ட். அது என் பொண்ணு. அஞ்சு வயசு."

"நின்னாங்களா?"

"நின்னா."

"பேர் எழுதினாங்களா?"

"எழுதினா, ஆனா..."

"அப்புறம் என்ன? வாங்க மிஸ் பெட்டன்கோர்ட், உக்காருங்க."

ஜோசெட் போய் உட்கார்ந்தாள். கால் தரையை எட்டவில்லை.

"சார், அந்த எடத்தை எனக்கு மாத்திக் கொடுத்துடுங்களேன்."

"எடம் கை மாறாது. ஒரு தடவை மாத்தினேன். ரெண்டு வருஷம் விசாரணை நடந்துச்சு. அவங்களா விலகினா மறுபடி குலுக்குவேன்."

"ஒரே வீட்ல ரெண்டு துண்டு போட்டதே அதிகம்" என்றார் முடிதிருத்துபவர். "முன்னாடியே தெரிஞ்சிருந்தா எம் மூணு பசங்களையும் கூட்டிட்டு வந்திருப்பேன்."

டெலியா நாற்காலியருகே குனிந்தாள். "செல்லம், எனக்கு வேண்டாம்னு சொல்லிடேன்."

"வேணும்."

"இது அம்மா படிக்கிற பாடம்டி."

"நான்தான் ஜெயிச்சேன்."

"பாப்பா விலகாது" என்றான் கால்பந்துப் பையன் மரியாதையோடு. அவனுக்குப் பசித்தது. முதலில் அவன் போனான். கடையைச் சாத்த வேண்டும் என்று முடிதிருத்துபவர் போனார். ஒவ்வொருவராகச் சுவரை விட்டுக் கிளம்பினார்கள். டெலியாவால் கிளம்ப முடியவில்லை. வயது வராத மாணவருடன் பெற்றோர் ஒருவர் இருந்தாக வேண்டும் என்று பேராசிரியர் விதியை எடுத்துச் சொல்லியிருந்தார். பெற்றோருக்கு நாற்காலி உண்டு என்று விதியில் இல்லை.

பாடம் தொடங்கியது. டெலியா சுவரில் சாய்ந்து, உள்ளங்கையில் குறிப்பெடுத்தாள். ஜோசெட் தனிம அட்டவணைக்கு வண்ணம் தீட்டினாள்.

"ஒரு லிட்டர் தண்ணி, ஒரு லிட்டர் பால். எது கனம்?" என்றார் பேராசிரியர்.

டெலியாவுக்கு விடை தெரியும். கை தூக்கினாள்.

"பெற்றோர் பதில் சொல்லக் கூடாது. மிஸ் பெட்டன்கோர்ட்?"

"பால்" என்றாள் ஜோசெட். "பால் ஊத்தினா எங்கப்பா லாரி உக்காந்துடும்."

"சரியான விடை."

முன்வரிசையில் இருந்தவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். அந்தப் பார்வையில் பொறாமை இருந்தது. தன் மகள் மேல் தனக்கும் அது இருக்கிறது என்று டெலியா கண்டுகொண்டாள். வெட்கமாக இருந்தது. ஆனாலும் போகவில்லை.

இடைவேளைக்குப் பின் ஆய்வகம். பாதுகாப்புக் கண்ணாடி எல்லாருக்கும் வந்தது. ஜோசெட் மாட்டினாள். அது மூக்கில் நிற்காமல் கழுத்துக்கு இறங்கியது. பேராசிரியர் பட்டையை இறுக்கினார். இறங்கியது. முடிச்சுப் போட்டார். இன்னும் மெதுவாக இறங்கியது. அவர் மண்டியிட்டு, குழந்தையின் உயரத்துக்கு வந்தார்.

"மிஸ் பெட்டன்கோர்ட், கண்ணாடி பொருந்தாதவங்க இங்க இருக்க முடியாது. உங்க பேரை எடுக்கறேன். எனக்கே கஷ்டமாத்தான் இருக்கு. நீங்க நல்ல மாணவி."

ஜோசெட்டின் உதடு துடித்தது.

பேராசிரியர் எழுந்தார். "ஒரு எடம் காலி. நிக்கிறவங்க யார் யாரு?"

"நான் மட்டும்தான் சார்."

அவர் தாளைக் கிழித்து ஒரு துண்டு கொடுத்தார். டெலியா பெயர் எழுதிக் குடுவையில் போட்டாள். அவர் குலுக்கினார். வெகுநேரம் குலுக்கினார். முகத்தைத் திருப்பிக்கொண்டு எடுத்தார்.

"டெலியா."

முழு வகுப்பும் கைதட்டியது. ஜோசெட் தட்டவில்லை.

"இப்ப பேர் கூப்பிடப் போறேன். கூப்பிடும்போது மேசைகிட்ட இல்லாதவங்களுக்கு எடம் போயிடும்" என்றார் பேராசிரியர். "குழந்தையை வெளிய விட்டுட்டு வாங்க. மாணவர்கள் பிள்ளைங்களைக் கூட்டிட்டு வரக் கூடாது."

"இவ்வளவு நேரம் உள்ளதானே இருந்தா?"

"இவ்வளவு நேரம் அவங்கதான் உங்களைக் கூட்டிட்டு வந்திருந்தாங்க."

டெலியா குழந்தையைத் தூக்கிக்கொண்டு நடைபாதைக்கு ஓடினாள். யாரும் இல்லை. உள்ளே ஆண்டர்சன் என்ற பெயர் கேட்டது. அடுத்து அவலோஸ். ஆங்கில அகரவரிசையில் பெட்டன்கோர்ட் தொலைவில் இல்லை. ஐந்து வயதுக் குழந்தையை நடைபாதையில் விட்டுவிட்டு உள்ளே போகும் பெண்ணாகத் தன்னை நினைத்துப் பார்த்தாள். முடியவில்லை. தோளில் இருந்த பையைச் சரிசெய்து, வீட்டுக்குப் போகத் திரும்பினாள்.

வாசலில் ஏர் பிரேக் சீறியது. நிறுத்துமிடத்தை அடைத்துக்கொண்டு ஒரு பால் லாரி நின்றது. மாட்டுக்கொட்டகை வாசனையோடு ஆர்லின் படியேறி வந்தான்.

"கிடைச்சுதா?"

டெலியா குழந்தையை அவன் கையில் திணித்தாள்.

"அப்பா, என்னைக் காலேஜ விட்டு எடுத்துட்டாங்க" என்று ஜோசெட் அழ ஆரம்பித்தாள்.

"விடுடா கண்ணு. உங்கப்பன் பேரையும் இங்கதான் எடுத்தாங்க."

"பெட்டன்கோர்ட்?" என்று உள்ளிருந்து குரல் வந்தது.

கண்ணாடியை மாட்டிக்கொண்டே டெலியா ஓடினாள்.