சட்டி கேட்டு வராதவள்

மீன் தட்டைக் கொடுத்த பிறகும் காம்ஹோ யுக்லின் வீட்டு வாசலைவிட்டு நகரவில்லை. உள்ளே அடுப்பில் ஹாகூசோ என்ற மூலிகையின் கதிர்கள் கொதித்து, அந்தக் கசப்பு வாடை சந்து முழுக்கப் பரவியிருந்தது.

"என்னக்கா, இந்த வெயில்ல கழுத்துல துணி?" என்றாள் யுக்லின்.

"என் கழுத்து, என் துணி. கஷாயம் குடிச்சியா?"

"இதோ."

"இதோன்னு சொன்னா ஆச்சா? வாயில ஊத்துடி."

அடுப்பிலிருந்த கருத்த மண்சட்டி காம்ஹோவுடையது. சீனாவின் ஃபோஷானில் கஷாயச் சட்டியை இரவல் வாங்கினால் யாரும் திருப்பிக் கொண்டுபோய்க் கொடுக்கமாட்டார்கள். நோயையும் சேர்த்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும். உடையவளே வந்து கேட்கவேண்டும். அவள் கேட்டு வந்தால், அவள் வீட்டில் யாருக்கோ முடியவில்லை என்று சந்துக்கே தெரிந்துவிடும்.

யுக்லினுக்குக் கழுத்தில் நெறி கட்டியபோது அவளும் இப்படித்தான் துணி சுற்றிக்கொண்டு திரிந்தாள். சந்தையில் எல்லோர் முன்னாலும் அதைப் பிடுங்கி, தன் மீன்கடையை அப்படியே போட்டுவிட்டு ஆஸ்பத்திரிக்கு இழுத்துப்போனவள் காம்ஹோ. பயப்பட ஒன்றுமில்லை, நிணநீர் முடிச்சு வீங்கியிருக்கிறது என்று டாக்டர் சொன்ன பிறகுதான் மூலிகைக் கடைக்கே கூட்டிப்போனாள். கூடப் பிறந்தவர்கள்கூட அப்படிச் செய்யமாட்டார்கள் என்று யுக்லின் பலமுறை நினைத்ததுண்டு.

மத்தியானம் யுக்லின் மீன் தட்டைக் கழுவி எடுத்துக்கொண்டு போனாள். காம்ஹோவின் அடுப்பிலும் அதே வாடை. நூடுல்ஸ் வேகவைக்கும் அலுமினியப் பாத்திரத்தில் கதிர்களும் கடற்பாசியும் கொதித்தன. உலோகப் பாத்திரத்தில் மூலிகை ஆகவே ஆகாது என்று ஊருக்கெல்லாம் சொல்கிறவள் அவள். துணி ஆணியில் தொங்கியது. அவள் தாடைக்குக் கீழே இலந்தைக் கொட்டை அளவுக்குக் கட்டி.

"ஆஸ்பத்திரிக்குப் போனியாக்கா?"

"கடைய யாரு பாக்கறது? மீன் கெட்டுப்போகும்."

"என்னைக் கூட்டிட்டுப் போனப்ப கெடலையா?"

காம்ஹோ கரண்டியைச் சுழற்றிக்கொண்டே இருந்தாள். "கெட்டுச்சு. கூடையோட கொட்டினேன்."

இதை அவள் இதுவரை சொன்னதே இல்லை.

"சட்டியாவது கேட்டிருக்கலாம்ல?"

"கேட்டா நீ பாதியில நிறுத்திடுவ. உன் லட்சணம் எனக்குத் தெரியாதா?"

யுக்லினுக்குக் கோபமும் அழுகையும் ஒன்றாக வந்தன. மிச்சமிருந்த மூலிகைப் பொட்டலத்தை மேசையிலிருந்து எடுத்து இடுக்கிக்கொண்டாள்.

"சட்டிதான் இங்க வரக்கூடாது. பொட்டலம் என் வீட்டுக்கு வரலாம். ஆனா டாக்டர் பாக்காம ஒரு சொட்டு தரமாட்டேன். நாளைக்குக் காலையில கடைய மூடு, நான் இழுத்துட்டுப் போறேன்."

"மீன்?"

"கெடட்டும்."

மறுநாள் டாக்டர் கட்டியிலிருந்து ஊசியால் சோதனைக்குக் கொஞ்சம் எடுத்துக்கொண்டார். முடிவு வரும்வரை எதையும் சொல்லமுடியாது என்றார். கஷாயம் குடிப்பதைத் தடுக்கவில்லை. சாயங்காலம் யுக்லின் சட்டியைத் தேய்த்துக் கழுவி, தன்னுடையதை ஒதுக்கிவைத்து, காம்ஹோவின் மூலிகையை முதலில் ஏற்றினாள்.

காம்ஹோ சந்தின் குறுக்கே நடந்து வந்தாள். கழுத்தில் துணி இல்லை. எதிர்வீட்டு வாசலில் பேச்சு நின்றது. அவள் யாரையும் பார்க்காமல் உள்ளே வந்து அடுப்பருகே முக்காலியில் உட்கார்ந்தாள். கிண்ணத்தை இரண்டு கையாலும் வாங்கினாள், குடிக்கவில்லை.

"எனக்குப் பயமா இருக்குடி."

கருத்த கஷாயம் கிண்ணத்தின் விளிம்புவரை தளும்பியது. யுக்லின் தன் கைகளையும் அந்தக் கைகளின் மேல் வைத்துக் கிண்ணத்தைப் பிடித்துக்கொண்டாள்.