அத்தை எழுதிய கடிதங்கள்

மலைமேல் இருக்கும் எங்கள் விடுதிப் பள்ளிக்கு இந்த வருடம் நூறு வயது. அதன் வரலாற்றை எழுதும் வேலை நூலகரான என் தலையில் விழுந்தது. முதல் கட்டடம் எழும்பியது, மண் சரிந்து சிற்றாலயம் இடிந்தது, திரும்பக் கட்டியது எல்லாவற்றுக்கும் காகிதம் இருந்தது. பிள்ளைகளைப் பற்றித்தான் விடுதிப் பதிவேட்டுப் பெயர்களைத் தவிர ஒன்றும் இல்லை. அதனால் பழைய மாணவர்களுக்கு எழுதிக் கேட்டேன்.

கப்பல் மெக்கானிக் ஒருவர் பதில் போட்டார். "என் அத்தை விடுதிக்கு எழுதிய கடிதங்களைப் பத்திரமாக வைத்திருக்கிறேன். வரும் ஞாயிறு கொண்டுவருகிறேன்."

ஓய்வுபெற்று வளாகத்திலேயே தங்கியிருக்கும் வார்டன் அம்மாவிடம் இதைச் சந்தோஷமாகப் படித்துக் காட்டினேன். அவர் முகம் வெளுத்துவிட்டது.

"அவனுக்கு அத்தையே கிடையாது, தம்பி. நான்தான் எழுதினேன்."

சனிக்கிழமை தோறும் சாப்பாட்டு அறையில் பெயர் கூப்பிட்டுக் கடிதம் கொடுப்பது விடுதி வழக்கம். தாயைப் பறிகொடுத்து, தகப்பனும் திரும்பிப் பார்க்காத அந்தப் பிள்ளை, தன் பெயர் வராது என்று தெரிந்தும் கழுத்தை நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பானாம். வார்டன் அம்மா மூன்று வாரம் பொறுத்தார். நான்காம் வாரம், கடலுக்கு அந்தப் பக்கம் ஓர் அத்தை பிறந்துவிட்டாள்.

"ஜெபம் சொல்லிக்கொடுத்த வாயாலேயே பொய்யும் சொல்லிட்டேன். தனக்குன்னு ஒருத்தி இருந்தான்னு இத்தனை வருஷம் நெனச்சிருப்பான். அதுவும் இல்லைன்னு ஆயிடுமே!"

"சொல்லாம விட்டுடலாமேம்மா?"

"என் பதிவேடுங்க எல்லாம் உன் நூலகத்துலதானே இருக்கு? பக்கத்துல கடிதத்தை வெச்சா ஒரே கையெழுத்துன்னு குட்டு உடைஞ்சிடாதா?"

"எடுத்து ஒளிச்சு வெச்சிடட்டுமா?"

"ஒரு பொய்க்கு இன்னொண்ணு முட்டுக் கொடுக்கணுமா? வேண்டாம். நானே சொல்லிடறேன்."

ஞாயிறு ஆராதனை முடிந்ததும் மெக்கானிக் நூலகத்துக்கு வந்தார். வழுக்கைத் தலை, வாசலை அடைக்கும் உடம்பு. வார்டன் அம்மா அவரை உட்காரக்கூட விடவில்லை.

"முதல்ல இதைக் கேளுடா. அந்த அத்தை..."

"நீங்கதாம்மா."

வார்டன் அம்மா நாற்காலியை இழுத்துத் தான் உட்கார்ந்தார்.

"எப்போ தெரியும்?"

"ரெண்டாவது கடிதத்துலேயே." அவர் ஓர் உறையை எடுத்து மேசைமேல் வைத்தார். பெயருக்குப் பக்கத்தில் அறுபத்து நான்கு என்று எழுதியிருந்தது. விடுதிப் பிள்ளைகளின் சட்டை, துண்டு எல்லாவற்றிலும் தைத்திருக்கும் சலவை எண் அது. பிள்ளையின் பெயரை எழுதினால் எண்ணையும் சேர்த்தே எழுதிப் பழகிய கை, உறையிலும் எழுதிவிட்டது.

"கடல் தாண்டி இருக்கற அத்தைக்கு என் சலவை நம்பர் எப்படித் தெரியும்? என் துண்டு காணாமப் போனதுகூடத் தெரிஞ்சிருக்கு!"

"கர்த்தாவே! அப்பவே ஏன்டா சொல்லலை?"

"சொன்னா நிறுத்திடுவீங்களே."

"அத்தைக்குப் பதில் எழுதுவியே?"

"எழுதி உங்க கையிலதானே கொடுத்தேன். என்னிக்காவது விலாசம் எழுதினேனா?"

"மறதி பிடிச்ச பயன்னுல்ல நெனச்சேன்!" வார்டன் அம்மா சிரித்தார். சிரிப்போடு கண்ணீரும் வந்தது. "நான் உன்னை ஏமாத்தறேன்னு இருந்தா, நீ என்னை ஏமாத்தியிருக்கே. திருட்டுப் பயலே!"

பள்ளி வரலாறு வரப்போகும் நூற்றாண்டு மலரில் இதை எப்படிப் போடுவது என்று கேட்டேன்.

"அத்தைன்னே போடுங்க சார்," என்றார் மெக்கானிக்.

"வார்டன்னு போடு தம்பி. உள்ளதை உள்ளபடி எழுது."

"சரிம்மா. மலர்ல வார்டன்னே இருக்கட்டும். ஆனா நான் இனிமே அத்தைன்னுதான் கூப்பிடுவேன்."

"கூப்பிடேன். யார் வேண்டாம்னா?"

இரக்கப்பட்டுச் செய்த பிழையைக் கர்த்தர் எந்தப் பக்கத்தில் குறித்துவைப்பார் என்று எனக்குத் தெரியாது. ஆனால் ஒரு வாரமாகக் கஞ்சியோடு நிறுத்திக்கொண்டிருந்த வார்டன் அம்மா, அன்று மத்தியானம் மெக்கானிக் பக்கத்தில் உட்கார்ந்து இரண்டாம் முறை சோறு கேட்டு வாங்கிச் சாப்பிட்டார்.