வாயில் பறி இல்லை

ஏரியில் கழுத்து வரை நீருக்குள் தவழ்ந்தபடி பெண்கள் பதினோரு பேர் வரிசையாக நகர்ந்துகொண்டிருந்தார்கள். கை இரண்டும் சேற்றைத் துழாவின. ஓலையால் முடைந்த கூடையான பறியைப் பல்லால் கவ்விக்கொண்டு, அகப்பட்ட இறாலை அதற்குள் போட்டபடியே போகவேண்டும். பல் தளர்ந்தால் பறி சாயும், காலையிலிருந்து பட்ட பாடெல்லாம் தண்ணீரோடு போகும். அதனால் வேலை நேரத்தில் அங்கே யாரும் பேசுவதில்லை. ஊர்வம்பெல்லாம் கரையேறிய பிறகுதான்.

தேவி மட்டும் பறியை இடுப்பில் கட்டிக்கொண்டு, "கபடி கபடி கபடி" என்று பாடிக்கொண்டே துழாவினாள்.

பக்கத்தில் இருந்தவள் பொறுக்கமாட்டாமல் பறியை வாயிலிருந்து எடுத்தாள். "இன்னாடி, பாட்டு கேட்டா இறால் தானா வந்து குதிக்கும்னு எவனா சொன்னானா?"

"நாளான்னிக்கு செலக்சன்க்கா. அது வரைக்கும் பாடிகினுதான் இருப்பா. நீ உன் வேலயப் பாரு" என்றாள் தேவிக்கு மறுபக்கம் இருந்த வசந்தா, தன் பறியையும் வாயிலிருந்து எடுத்து.

இப்படிப் பாடிக்கொண்டே துழாவும் யோசனை வசந்தாவுடையது. இருவருக்கும் இருபத்திரண்டு வயது; ஒரே கபடி அணி. தேவி ரைடு போனால் எதிரிக்குத் தெரியும் முன்பே கணுக்காலைத் தொட்டுவிடுவாள். சேற்றில் பழகிய கை அப்படி. ஆனால் அதே சேறு ஒரு கோளாறையும் கொடுத்திருந்தது. கை மும்முரமானதும் பல் தானாகக் கடித்துக்கொள்ளும், பாட்டு நின்றுபோகும். பாட்டு நின்றால் விசில்; எதிரணிக்கு ஒரு புள்ளி. பத்து வயதிலிருந்து பறியைக் கவ்விய வாய் வேறென்ன செய்யும்?

சென்னைப் பக்கத்துத் தொழிற்சாலை ஒன்று தன் பெண்கள் கபடி அணிக்கு ஆள் எடுக்கிறது. எடுபட்டால் வேலை, விடுதியில் கட்டில். தேவி அந்தக் கட்டிலை எத்தனையோ முறை மனதுக்குள் விரித்துப் படுத்துப் பார்த்துவிட்டாள். காய்ந்த போர்வை, காய்ந்த உடை, நண்டு கடிக்காத விரல்கள். அந்த வேலை அவளுக்கு வேண்டும். கல்யாணம் காட்சி எதற்கும் அவள் இப்படி ஆசைப்பட்டதில்லை.

தேர்வு நாளன்று பழவேற்காட்டிலிருந்து முதல் பஸ் ஏறி எட்டு மணிக்கே பொன்னேரி மைதானத்துக்குப் போய்விட்டார்கள். பத்து மணிக்கு வருவதாக இருந்த தேர்வாளர்கள் மூவரும் பன்னிரண்டரைக்குக் காரில் வந்து இறங்கினார்கள். "சாயந்திரம் இன்னொரு ஊருக்குப் போகணும், சீக்கிரம்" என்றார் அவர்களில் ஒருவர். சாமியானா நிழலில் மேஜை போட்டிருந்தது. பெண்கள் வெயிலில் நின்றார்கள். தேவியின் முதுகில் பதினொன்று என்று எழுதிய தாளைக் குத்தினார்கள். வந்தவர்களை இரண்டு அணியாகப் பிரித்து முப்பது நிமிட ஆட்டம். நடுவர், உள்ளூர் உடற்பயிற்சி ஆசிரியர் சிவகுமார்.

முதல் ரைடுக்கே தேவி போனாள். ஒருத்தியின் கால் வாகாக இருந்தது. குனிந்தாள். விசில்.

"பாட்டு நின்னு போச்சும்மா. திரும்பிப் போ."

சாமியானாவுக்குள் ஒருவர் சிரித்து, தாளில் ஏதோ குறித்துக்கொண்டார். தேவி அதைப் பார்த்துவிட்டாள். அடுத்த ரைடில் நடுக்கோட்டைத் தாண்டியதுமே வாய் ஒட்டிக்கொண்டது. மறுபடியும் விசில்.

எதிரணி ரைடுக்கு வந்தபோது தேவியும் வசந்தாவும் கைகோத்து நின்றார்கள்.

"போச்சு வசந்தா. எல்லாம் போச்சு."

வசந்தா ரைடரைப் பார்த்தபடியே பேசினாள். "இறால் நழுவுச்சினா இன்னா பண்ணுவ? பின்னாடியே தொரத்திகினு போவியா?"

"மாட்டேன்."

"பின்ன?"

"கைய அங்கியே வச்சிகினு சும்மா இருப்பேன்."

"அத்தச் செய். அவங்க எழுதுனது நழுவுன இறாலு. வாயில பறி இல்லடி தேவி. மூச்ச விடு."

தேவி மூச்சு விட்டாள். இன்னொரு முறை விட்டாள். வசந்தாவின் விரல்களை இறுக்கிப் பிடித்திருந்த தன் பிடி தளர்வது அவளுக்கே தெரிந்தது. வந்த ரைடரை இருவருமாகச் சேர்ந்து மடக்கிப் போட்டார்கள்.

அடுத்த முறை நடுக்கோட்டைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு, வாயைத் திறந்து பாடிக்கொண்டே போனாள். மைதானம் முழுக்கக் கேட்டது. இடப்பக்கம் போக்குக் காட்டி, வலப்பக்கத்தில் ஒரு கணுக்கால். பிடிக்கப் பாய்ந்தவளின் தோளில் ஒரு தட்டு. பின்னாலிருந்து இடுப்பைக் கட்டிப் பிடித்த மூன்றாமவளையும் இழுத்துக்கொண்டு, பாட்டு அறாமல் விரலை நீட்டி நடுக்கோட்டைத் தொட்டாள். மூன்று புள்ளி. சிவகுமாரே விசிலை வாயிலிருந்து எடுத்துவிட்டு, "அப்படிப் போடு!" என்றார்.

மண்ணில் கிடந்தபடியே தேவி சிரித்தாள். அவ்வளவு சந்தோஷம் அவளுக்கு எந்த நாளிலும் இருந்ததில்லை. எழுந்து புழுதியைத் தட்டிக்கொண்டே சாமியானா பக்கம் திரும்பினாள்.

மூன்று நாற்காலிகளும் காலியாக இருந்தன. கார் நின்ற இடத்தில் சக்கரத் தடம் மட்டும் கிடந்தது. மேஜை மேல் ஒரு தாள். பறந்துவிடாதபடி அதன்மேல் ஒரு செங்கல் துண்டு. சாமியானாக்காரர் இரண்டு நாற்காலிகளைத் தூக்கிய கையோடு அப்படியே நின்று அவள் ஆட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நல்லா ஆடுறம்மா" என்றார். "அவங்க ரெண்டாவது விசிலப்பவே எடுத்தவங்க நம்பர எழுதி வச்சிட்டுப் பூட்டாங்க. ஆட்டம் முடிஞ்சதும் வந்து பாத்துக்கச் சொன்னாங்க."

"இன்னாவாம்?" என்று களத்துக்குள்ளிருந்து கத்தினாள் வசந்தா.

"ஒண்ணும் இல்ல" என்றாள் தேவி.

சிவகுமார் கடிகாரத்தைப் பார்த்துவிட்டு அடுத்த ரைடுக்கு விசில் ஊதினார். ஆட்டம் முடிய இன்னும் பதினாறு நிமிடம் இருந்தது.