மாடியிலிருந்து தெரிய வேண்டிய மீன்

கொழுந்தன் புது பைக்குக்கு முன்பணம் கட்டிவிட்டு வந்த அன்றைக்கே முற்றத்துத் தொட்டிக்குக் கெட்ட காலம் ஆரம்பித்துவிட்டது.

சாதாரண பைக் இல்லை. நின்றால் பக்கத்தில் இருப்பவர் ஒதுங்க வேண்டும், கிளம்பினால் தெருவே ஒதுங்க வேண்டும். ஆறு மாதம் காத்திருந்தால்தான் கைக்கு வரும். அதைத் தெருவில் நிறுத்த அவனுக்கு மனம் வரவில்லை. அவன் பைக் மெக்கானிக். அந்தப் பக்கத்தில் யார் யாருக்குக் கை நீளம் என்று அவனுக்குத் தெரியும், பாதிப் பேர் அவனுடைய வாடிக்கையாளர்கள்.

வீட்டின் நடுவில் திறந்த முற்றம். கீழே நாலு பக்கமும் அறைகள், மேலே சுற்றிவர மாடி நடை. முற்றத்தின் நடுவில், எந்தக் காலத்திலோ துணி துவைக்கக் கட்டிய சிமெண்டுத் தொட்டி ஒன்று காய்ந்து கிடந்தது. அதை உடைத்துவிட்டு அங்கே பைக்கை நிறுத்துவது கொழுந்தனின் திட்டம். அதைக் குளமாக்க வேண்டும் என்பது அண்ணியின் நெடுநாள் ஆசை. கொழுந்தன் வாய் ஓயாமல் கூப்பிட்டுக் கூப்பிட்டு, தெருவுக்கே அவள் அண்ணியாகிவிட்டாள். கம்பளக் கடையில் விற்பனை செய்பவள். பகல் முழுக்க அடுத்தவர் வீட்டுக்குப் பூவும் கொடியும் தேர்ந்தெடுத்துக் கொடுத்துவிட்டு வீடு திரும்பினால், அங்கே அவளாகத் தேர்ந்தெடுத்தது என்று ஒரு பொருள் கிடையாது. நாற்காலி மாமனார் வாங்கியது, திரைச்சீலை நாத்தனார் தைத்தது. கணவரைக்கூட அவள் அப்பாதான் பேசி முடித்தார். மிச்சம் இருந்தது அந்தத் தொட்டி ஒன்றுதான்.

"அதுல நான் மீன் விடப் போறேன்" என்றாள்.

"என்ன மீன்?" என்றான் கொழுந்தன்.

"கப்பி."

குடித்துக்கொண்டிருந்த டீ அவனுக்குப் புரை ஏறிவிட்டது. "கப்பியா! கொசு முட்டை தின்னட்டும்னு சாக்கடையில விடுவாங்களே, அதுவா? மீன் இருக்கா இல்லையான்னு பாக்கவே பூதக்கண்ணாடி வேணும் அண்ணி!"

"இது அலங்காரக் கப்பி தம்பி. ரகம் பாத்து வளக்கறது."

"எத்தனை ரகம் பாத்தாலும் சைஸ் அதே சைஸ்தானே?"

அண்ணியின் கணவர் லிஃப்ட் பழுது பார்க்கிறவர். வீட்டில் சண்டை என்று வந்தால் அவரும் இரண்டு மாடிக்கு நடுவில் நின்றுவிடுவார், கதவு திறக்காது. அதனால் எல்லோரும் மாமனாரைப் பார்த்தார்கள். அவர் வாழ்நாளெல்லாம் கடிகாரம் பழுது பார்த்தவர்.

"பைக் வர ஆறு மாசம் இருக்கில்ல?" என்றார் அவர். "அதுக்குள்ள தொட்டியில பாக்கற மாதிரி ஏதாச்சும் இருந்தா, தொட்டி இருக்கட்டும். இல்லேன்னா உடைச்சுக்கோ."

"பாக்கற மாதிரின்னா எங்கேருந்து பாக்கறது?" என்று பிடித்துக்கொண்டான் கொழுந்தன். "குனிஞ்சு தேடியெல்லாம் பாக்கக் கூடாது. அப்பா மாடியில ஈசிச்சேர்ல உக்காந்திருப்பார். அங்கேருந்து அவர் கண்ணுக்குத் தெரியணும்."

இதில் ஒரு சூட்சுமம் இருந்தது. மாமனாருக்குக் கைக்கெட்டும் தூரத்தில் பல்சக்கரத்தின் ஒவ்வொரு பல்லும் தெரியும். எட்டிப் போய்விட்டால் எதிர் வீட்டுக் கதவு திறந்திருக்கிறதா மூடியிருக்கிறதா என்பதே தெரியாது. கண்ணாடி போடச் சொன்னால் கோபம் வரும். கப்பியோ சுண்டு விரல் நீளம்கூட இல்லை.

"சரி தம்பி. மாடியிலேருந்தே பாக்கட்டும்" என்றாள் அண்ணி.

இவ்வளவு சுருக்காகத் தலையாட்டுகிற ஆளைப் பார்த்தால் வியாபாரி உஷாராகிவிட வேண்டும். கொழுந்தனுக்கு அந்தப் படிப்பினை இல்லை. விசில் அடித்துக்கொண்டு தன் மெக்கானிக் கடைக்குப் போனான்.

கம்பளக் கடையில் அண்ணி முதல் வாரமே கற்றுக்கொண்ட பாடம் ஒன்று உண்டு. சுவரில் தொங்குகிற கம்பளத்தைப் பார்த்து மயங்கி வாங்குகிறவர், வீட்டுத் தரையில் விரித்ததும் திருப்பிக் கொண்டுவந்து சண்டை போடுவார். தொங்கும்போது ஒரு முகம், கிடக்கும்போது வேறு முகம். அதனால் அவள் கம்பளத்தைத் தரையில் விரித்து, வாடிக்கையாளரை உள்மாடியில் ஏற்றி நிறுத்தித்தான் காட்டுவாள். மாடியிலிருந்து காட்டுவது அவளுக்குத் தினப்படி வேலை.

அலங்கார மீன் வாங்க அண்ணி ஒரு மீன்காரரிடம் போனாள். அவர் தன் வீட்டு மொட்டைமாடியில் வியாபாரம் செய்தார். முன்வரிசையில் கண்ணாடித் தொட்டிகள், பின்னால் பிளாஸ்டிக் டப்புகள்.

"இதப் பாருங்கம்மா, கோப்ரா! பாம்புத் தோல் மாதிரி. இது டக்சீடோ, பாதி உடம்புக்குக் கறுப்பு கோட்டு. இது சிவப்பு விசிறி வால். வால் விரிக்கறதைப் பாருங்க, வாலை!"

வால் அழகாகத்தான் இருந்தது. "கறுப்பு பேசின் ஒண்ணு இருக்கா?" என்றாள் அண்ணி.

"எதுக்கும்மா?"

"இதுங்களை அதுல ஊத்துங்க. நான் நின்னு பாக்கணும்."

ஊற்றினார். பக்கவாட்டில் மாப்பிள்ளை போல் இருந்த கோப்ரா, மேலிருந்து பார்த்தால் தீக்குச்சி. அகல விரிந்த சிவப்பு வால் வெறும் கோடு. ஒவ்வொரு ரகமாகப் பேசினில் இறங்கி ஒவ்வொன்றாக மானத்தைப் பறிகொடுத்துத் திரும்பியது. மீன்காரருக்கே தன் சரக்கின் மேல் சந்தேகம் வந்துவிட்டது.

மூலையில் ஒரு டப்பு கேட்பாரற்றுக் கிடந்தது. அதிலிருந்தவை வெள்ளை மீன்கள்.

"அது பிளாட்டினம்மா. நல்ல ரகந்தான், ஆனா வர்றவங்க கலர் கேக்கறாங்க. கண்ணாடித் தொட்டியில வெச்சா வெளுத்த துணி மாதிரி இருக்குன்னு போயிடறாங்க."

பேசினில் ஊற்றியதும் அண்ணி மூச்சைப் பிடித்துக்கொண்டாள். பிடரியிலிருந்து வால் அடி வரை முதுகெல்லாம் வெள்ளி. பெண் மீனுக்கும் அதே முதுகு, இன்னும் அகலமாக. ஆனால் முகத்தில் ஒன்றும் காட்டவில்லை. சரக்கு பிடித்துவிட்டது என்று முகம் சொல்லிவிட்டால் விலை அதைக் கேட்டு எழுந்து உட்கார்ந்துவிடும்.

"ம்... எப்படித் தருவீங்க?"

"ஆணுக்குத்தாம்மா விலை. பெண் கொசுறு. ஏதாவது ஒண்ணைப் பிடிச்சுப் போட்டுருவேன்."

"எனக்குப் பெண்தான் வேணும். ஆணைக் கொசுறாக் குடுங்க."

அவர் வலையைக் கீழே வைத்தார். "இப்படி யாரும் கேட்டதில்லையேம்மா!"

"இப்ப நான் கேட்டுட்டேன்ல? கொசுறா வர்றதைத்தான் யாரும் பாத்து வாங்கறதில்ல. நான் அதைத்தான் பாப்பேன். இந்தப் பெண்ணுங்க வேற ரக ஆணோட இருந்ததுங்களா?"

"சத்தியமா இல்லம்மா!"

"சத்தியம் உங்ககிட்டயே இருக்கட்டும். இதுங்க போட்ட குட்டியைக் காட்டுங்க."

விஷயம் இதுதான். பெண் கப்பி ஒரு தடவை ஆணோடு சேர்ந்துவிட்டால், அதை வைத்தே மாதக்கணக்கில் ஈன்றுகொண்டிருக்கும். தாய் வெள்ளையாக இருந்து என்ன, பழைய சகவாசம் கோப்ராவாக இருந்தால் குட்டி புள்ளியோடுதான் வரும். மீன்காரர் ஒரு வாளியைத் திறந்தார். அரிசி நொய் மாதிரி குஞ்சுகள், அத்தனையும் வெள்ளை.

அப்புறம் விலை. அவர் சொன்னதில் பாதியை அண்ணி சொன்னாள். அவர் சிரித்தார். அவள் படி இறங்கினாள். பாதிப் படியில் நின்று செருப்பைச் சரி செய்வது அவள் குடும்பத்தில் வழிவழியாக வந்த கலை. செருப்பு சரியாவதற்குள் மேலிருந்து குரல் வந்தது. "சரி, வாங்கம்மா வாங்க!" ஆறு பெண், கொசுறாக இரண்டு ஆண்.

வீட்டில் தொட்டியின் அடியில் கருங்கல் பலகைத் துண்டுகளைப் பரப்பினாள். நகைக்கடைக்காரர் வைரத்தைக் கறுப்பு வெல்வெட்டில்தானே வைத்துக் காட்டுகிறார்? குழாய்த் தண்ணீரை நிரப்பி ஒரு வாரம் சும்மா போட்டாள். குஞ்சுகளைப் பெற்ற மீன்களே தின்றுவிடும் என்பதால் ஒரு மூலையில் மிதக்கும் பாசி. மீனை விட்டாள். மாடி ஏறிப் பார்த்தாள்.

ஒன்றும் தெரியவில்லை.

"என்னங்க, உங்களுக்குத் தெரியுதா?"

கணவர் யோசித்தார். "தெரியுதுன்னும் சொல்லலாம். தெரியலேன்னும் சொல்லலாம்."

"முதல்ல ஏதாவது ஒரு மாடியில நில்லுங்க!"

முதல் குட்டிகள் வளர்ந்து நிறம் எடுத்தபோது வெள்ளைக்கு நடுவில் சில கறுப்புப் புள்ளிகள் தலைகாட்டின. அண்ணிக்குச் சுருக்கென்றது. தாய்களை ஆறு வாளியில் தனித்தனியாக விட்டு, எந்த வாளியில் எது பிறக்கிறது என்று காத்திருந்தாள். ஐந்து வாளி சுத்தம். ஆறாவது, மீன்காரர் கணக்குக்காகக் கடைசியில் வேறு டப்பிலிருந்து பிடித்துப் போட்டவள். அண்ணி நேரே மொட்டைமாடிக்குப் போய், ஒரு வார்த்தை பேசாமல், புள்ளிக் குட்டி ஒன்றை அவர் மேசைமேல் தம்ளரில் வைத்தாள். மீன்காரர் தம்ளரைப் பார்த்தார், அவளைப் பார்த்தார், எழுந்து இரண்டு பெண் மீன்களைப் பிடித்துக் கொடுத்தார்.

ஆறாவதும் அவள் வாரிசுகளும் கொழுந்தனின் கடை வாசலில் இருந்த தண்ணீர் டிரம்முக்குப் போயின. அதன் பிறகும், முதுகில் சிறு அழுக்கு விழுந்த குஞ்சு எதுவானாலும் டிரம்முக்குத்தான். கொழுந்தனுக்கு ஒரே குஷி.

"அண்ணியோட மீனெல்லாம் நம்ம கடைக்கு வந்துக்கிட்டிருக்கு! தொட்டி காலியாகுது!" என்று வருகிறவர் போகிறவரிடமெல்லாம் சொன்னான். வண்டி சரியாகும் வரை டிரம்மை எட்டிப் பார்த்துக்கொண்டு நிற்கிறவர்கள், "இன்னும் ஆகலையா?" என்று கேட்பதை மறந்துபோனது அவனுக்கு வியாபாரத்தில் பெரிய நிம்மதி.

நாலாவது மாதம் தொட்டியில் மீன் நிறைந்துவிட்டது. மாடியிலிருந்து அண்ணியின் கண்ணுக்கு, கறுப்புத் தரையில் உப்பைச் சிந்தியது போல் தெரிந்தது. மாமனார் கண்ணுக்கு உப்பு போதாது. கம்பளத்திலும் அப்படித்தான், தனித்தனிப் பூ எட்டத்துக்குத் தெரியாது, எல்லாம் சேர்ந்து விழுகிற நிறம்தான் தெரியும். இதுகளை ஒன்றுசேர வைக்க வேண்டும். அன்றிலிருந்து கீழே தீனி போடுவதை நிறுத்தினாள். காலையில் கொழுந்தன் கடைக்கும் மாமனார் கோயிலுக்கும் போனதும் மாடியில் நின்று தகர டப்பாவைக் கைப்பிடிக் கம்பியில் தட்டுவாள். பிறகு தொட்டியின் நட்டநடுவில் மட்டும் தூவுவாள். தட்டுவதற்கும் தூவுவதற்கும் உள்ள உறவு கப்பிகளுக்குச் சீக்கிரமே பிடிபட்டது. சாப்பாட்டு விஷயத்தில் அவற்றுக்கு மூளை உண்டு.

கொழுந்தன் வீடு திரும்புவது இருட்டின பிறகு. செல்போன் விளக்கை அடித்துப் பார்ப்பான். வெளிச்சம் பட்டதும் அத்தனையும் பாசிக்கடியில் ஒதுங்கிவிடும். "பாவம் அண்ணி" என்று சொல்லிவிட்டுத் தூங்கப் போவான்.

பைக் வந்தது. தெரு ஒதுங்கியது. கொழுந்தன் பின்சீட்டில் கொத்தனாரை உட்கார வைத்தே அழைத்து வந்திருந்தான், மடியில் சம்மட்டியோடு.

மாமனார் மாடியில் ஈசிச்சேரில் அமர்ந்தார். கணவர் மாடிப்படியின் நடுவில் நின்றார். கொத்தனார் உடைக்கிற இடத்தை அளவெடுக்கத் தொட்டியருகே போனார். அவருடைய நிழல் தண்ணீரில் விழுந்தது.

மாமனார் எட்டிப் பார்த்தார். "ஒண்ணும் தெரியலையேம்மா. கறுப்பாத்தான் இருக்கு."

"கேட்டீங்களா அண்ணி? அப்பா வாயாலயே சொல்லிட்டார். கொத்தனாரே, ஆரம்பிங்க!"

அண்ணி டப்பாவைத் தட்டினாள். ஒன்றும் வரவில்லை. மறுபடி தட்டினாள். பாசி ஆடக்கூட இல்லை. கொத்தனார் சம்மட்டியைத் தோளுக்கு ஏற்றினார். தண்ணீரில் அதன் நிழலும் ஏறியது. அப்போதுதான் அவளுக்கு உறைத்தது.

"கொத்தனாரே! ஒரு நிமிஷம் சுவர் ஓரமாப் போய் நில்லுங்க. உங்க நிழல் விழுது, மீன் வெளியே வராது."

"நிழல் விழுந்தா என்ன அண்ணி, இப்ப தொட்டியே விழப்போகுது" என்றான் கொழுந்தன். ஆனால் கொத்தனார் நகர்ந்துவிட்டார். இப்படிக் குரல் கொடுக்கிற பெண்மணியிடம் காரணம் கேட்கக்கூடாது என்பது அவருக்கு வீட்டிலேயே பழக்கம்.

அண்ணி மூன்றாம் முறை தட்டித் தீனியைத் தூவினாள். பாசியிலிருந்து ஒன்று எட்டிப் பார்த்தது. பின்னால் நாலு. அப்புறம் மூலையிலிருந்து வெள்ளை உருண்டு புரண்டு கிளம்பி, கடையில் கம்பளச் சுருளை உதைத்து விரிப்பது போல், கறுப்புத் தண்ணீரின் நடுவில் ஒரே வீச்சில் விரிந்தது.

மாமனார் ஈசிச்சேரிலிருந்து துள்ளி எழுந்தார். "யாருடா தொட்டியில போர்வையை விட்டது? புதுப் போர்வைடா, நனையுது, எடுங்க!"

போர்வை தானாக இரண்டாய்க் கிழிந்தது, மடிந்தது, சுழன்றது, மறுபடி ஒன்றானது.

"அது மீன் மாமா" என்றாள் அண்ணி.

"மீனா?" அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு முற்றத்துக்குள் பாதி உடம்பை நீட்டினார். "எனக்குத் தெரியுதேம்மா! இங்கேருந்தே தெரியுதே! நடுவுல ஒண்ணு திரும்பிச்சு பாரு, அதுகூடத் தெரியுது!" பிறகு சின்ன மகன் பக்கம் திரும்பினார். "என் கண்ணுல என்னடா கோளாறு? எனக்குக் கண்ணாடி வேணும்னு சொன்னவன் யாரு?"

சொன்னவன் வண்டிச் சாவியைச் சட்டைப்பைக்குள் போட்டுக்கொண்டான். நடுப்படியில் நின்ற கணவர் அன்று முதல் முறையாக ஒரு பக்கம் சாய்ந்தார். மேலே ஏறி வந்து மனைவியின் பக்கத்தில் நின்றார்.

கொத்தனார் சம்மட்டியைச் சுவரில் சாய்த்தார். "அம்மா, இதுல எனக்கு ஒரு ஜோடி கிடைக்குமா?"

"உடைக்காம போற கைக்கு ஒரு ஜோடி உண்டு" என்றாள் அண்ணி.

பைக் தெருவில் நின்றது, முன்சக்கரத்துக்கு ஒன்று, பின்சக்கரத்துக்கு ஒன்று எனச் சங்கிலி போட்டுக்கொண்டு. மறுநாள் காலை கொழுந்தன் கடைக்குக் கிளம்பாமல் மாடியில் தயங்கி நின்றான்.

"அண்ணி, கடைக்கு வர்றவங்கல்லாம் வெள்ளை மீன் கேக்கறாங்க. புள்ளி போட்டதுதானே என்கிட்ட இருக்கு..."

"ஆண் கொசுறாத் தரேன் தம்பி. பெண்ணுக்கு விலை உண்டு."

"என்ன விலை?"

"ஆறு மாசம் காலையில இந்த டப்பாவைத் தட்டித் தீனி போடணும். நீங்கதான்."

"ஆறு மாசமா! ஒரு மாசம்னு வெச்சுக்கலாம் அண்ணி."

"படி அந்தப் பக்கம் இருக்கு."

அவன் விறுவிறுவென்று இறங்கினான். பாதிப் படியில் நின்று குனிந்து செருப்பைச் சரி செய்தான். நெடுநேரம் சரி செய்தான். அண்ணி கூப்பிடவில்லை. கம்பியில் சாய்ந்து தன் வெள்ளைக் கம்பளம் விரிவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்சம் பொறுத்து, படியில் மேலே ஏறி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது.

திரும்பிப் பார்க்காமலே டப்பாவைப் பின்னால் நீட்டினாள்.